பயிற்சிக்குப் போய்வந்த கணக்கு ஆசிரியர் வகுப்பில் எதை மாற்றுகிறார்?

மும்பை தாராவியில் தமிழ்வழி வகுப்புகள் நடத்தும் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவிலிருந்து வந்த கேள்வி இது: "எங்கள் கணக்கு ஆசிரியர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பயிற்சிக்காவது போய்வருகிறார்கள். சான்றிதழ் ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது. வகுப்பில் போய் உட்கார்ந்தால் பழைய மாதிரிதான் இருக்கிறது. பயிற்சியால் கணக்கு வகுப்பு மாறுமா? மாறியதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பள்ளி தன் அளவில் என்ன செய்யலாம்?"

மாறும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் மாறாது. முதலில் மாறுவது கண்ணுக்குத் தெரிவது: சுவரில் சார்ட், மேஜையில் குச்சிக்கட்டு, பிள்ளைகள் நாலு நாலு பேராக வட்டமாக உட்காருவது. இதற்கு ஒரு நாள் பயிற்சியே போதும். அடுத்து மாறுவது ஆசிரியர் கேட்கும் கேள்வி. கடைசியாக மாறுவதும், பல பேரிடம் மாறாமலே போய்விடுவதும், ஒரு பிள்ளை தப்பான விடை சொன்ன பிறகு வரும் பத்து விநாடி. நீங்கள் வகுப்பில் உட்காரும்போது அந்தப் பத்து விநாடியைப் பாருங்கள். பயிற்சி உள்ளே இறங்கியிருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் வகுப்பில் 503 − 267 போடச் சொல்கிறார் ஆசிரியர். ஒரு பெண் பலகையில் 364 என்று எழுதுகிறாள். "தப்பு, உட்காரு, வேற யாரு?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் "கடன் வாங்கணும்னு சொன்னேன்ல?" என்று தானே போட்டுக் காட்டுவார். மூன்றாமவர் "இந்த 6 எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்தப் பெண் சொல்வாள்: "பூஜ்ஜியத்துல ஆறு போகாது, அதனால ஆறுல பூஜ்ஜியம் எடுத்தேன்." இப்போது தப்பு எங்கே முளைத்தது என்று தெரிகிறது. அவள் கவனக்குறைவாகப் போடவில்லை. 'பெரிசுல சின்னதைக் கழி' என்று அவளே ஒரு விதி வைத்திருக்கிறாள். ஓரிலக்கக் கணக்காக இரண்டு வருடம் பெரிய எண்ணையே முதலில் கொடுத்துக் கொடுத்து அந்த விதியை ஊட்டியதும் நாம்தான்.

மூன்றாமவர் அடுத்து செய்ய வேண்டியது குச்சியை எடுப்பது. ஐந்து நூறுகட்டு, பத்துக்கட்டு ஒன்றுமில்லை, உதிரி மூன்று. ஒரு நூறுகட்டைப் பிரித்தால் பத்துப் பத்துக்கட்டு. அதில் ஒன்றைப் பிரித்தால் பத்து உதிரி. இப்போது கையில் இருப்பது 4 நூறு, 9 பத்து, 13 உதிரி. எதுவும் கூடவில்லை, குறையவில்லை, அதே 503தான். 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை அந்தப் பாடம் முடியும்வரை மறந்துவிடுவது நல்லது. திருப்பித் தராத கடன் என்ன கடன் என்று கேட்கும் பிள்ளை புத்திசாலி. பக்கத்து வீட்டில் பூஜ்ஜியம், அதற்கடுத்த வீட்டில் வாங்கு என்ற கதையைக் கேட்டவர்கள் கதையை ஒப்பிப்பார்கள். அந்த 9 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். 'கட்டைப் பிரிக்கிறோம்' என்பது நடப்பதை அப்படியே சொல்லும் சொல்.

பயிற்சி ஏன் இந்த இடத்துக்கு வந்து சேருவதில்லை? முதல் காரணம், எந்த ஆசிரியரும் வெறும் பலகையாகப் பயிற்சிக்கு வருவதில்லை. டேன் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு கணக்குச் சொன்னார்: பள்ளி முடிப்பதற்குள் ஒரு மாணவர் ஆசிரியர்களைப் பார்த்தபடி ஏறக்குறைய 13,000 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அதுதான் அவருடைய முதல் பயிற்சி. பலகையில் ஒன்று போட்டுக் காட்டு, அதே மாதிரி பத்து கொடு, தப்புக்குச் சிவப்பு மை. இந்தப் பழக்கத்தை ஐந்து நாள் பயிலரங்கு கழற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது காரணம் பி.எட்., டி.எட். கல்லூரிகளின் பழக்கம். நுண்நிலைக் கற்பித்தல் என்று ஒன்று எல்லாக் கல்லூரியிலும் உண்டு: ஒரு சின்னக் குழுவுக்குச் சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பழகுவது. 1960களில் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கியது. நம் நாட்டு வடிவத்தில் ஒரு சுற்று 36 நிமிடம்: கற்பிக்க 6, கருத்துச் சொல்ல 6, திரும்பத் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக்கு 6. வினா கேட்டல், பலகையில் எழுதுதல், உதாரணம் கூறல் என்று ஒவ்வொரு திறனாகப் பழகலாம், அதில் குறையில்லை. ஆனால் அங்கே மாணவராக உட்கார்ந்திருப்பது சக பயிற்சி மாணவர்கள். அவர்கள் 364 என்று எழுதமாட்டார்கள். தோழி மதிப்பெண் இழக்கக் கூடாது என்று கேட்ட உடனே சரியான விடையைச் சொல்லிவிடுவார்கள். ஆக, உண்மையான தப்புக்கு முன்னால் நிற்கும் பயிற்சி மட்டும் யாருக்கும் கிடைப்பதில்லை.

2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் தேசிய ஆசிரியர் கல்விக் குழு பி.எட்.டை இரண்டு ஆண்டாக்கி, பள்ளியில் செலவிடும் காலத்தைக் குறைந்தது 20 வாரமாக்கியது. நல்ல மாற்றம். ஆனால் அந்த 20 வாரத்தில் பாடக்குறிப்பு ரெக்கார்டு எழுதுவது பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ஆயத்தம், வழங்கல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்று ஜெர்மன் கல்வியியலாளர் ஹெர்பார்ட் வழிவந்த ஐந்து படியும் அழகாகக் கோடு போட்டு இருக்கும். 'பிள்ளைகள் இங்கே என்ன தப்பு செய்வார்கள், அப்போது நான் என்ன கேட்பேன்' என்ற ஒரு பத்திக்கு மட்டும் இடம் இருக்காது. ரெக்கார்டில் அந்த ஒரு பத்தியைச் சேர்த்தாலே கல்லூரிப் பயிற்சி பாதி திருந்தும் என்பேன்.

மூன்றாவது, கணக்கறிவு. இதைச் சொன்னால் ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள், கோபத்துக்கு அவசியமில்லை. வகை நுண்கணிதம் தெரிவது வேறு, ஆறாம் வகுப்புக்குப் பின்னத்தை வகுக்கச் சொல்லித்தரத் தெரிவது வேறு. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986இல் இந்த இரண்டாவது அறிவுக்கு ஒரு தனி இடம் கொடுத்துப் பேசினார். டெபோரா பால் குழுவினர் கணக்குக்கென்றே அதை விரித்து எழுதினார்கள். லிபிங் மா 1999இல் வெளியிட்ட ஒப்பீடு பிரபலம்: 23 அமெரிக்க ஆசிரியர்கள், 72 சீன ஆசிரியர்கள். 1¾ ÷ ½ என்பதற்கு விடையும் வேண்டும், அதற்குப் பொருந்தும் ஒரு வாழ்க்கைக் கணக்கும் வேண்டும். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாக வகுத்தார்கள், பெரும்பாலோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்கர்களில் வகுத்து முடித்தவர்களே பாதிக்கும் குறைவு. கதை சொல்லப்போனவர்களில் பலர் பாதியால் வகுப்பதை இரண்டால் வகுப்பதாக நினைத்துச் சொன்னார்கள். சீன ஆசிரியர்கள் படித்த வருடங்கள் அதிகமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவர்கள் பள்ளியில் ஒன்றாக உட்கார்ந்து பாடத்தைப் பிரித்துப் பிரித்துப் பேசும் வழக்கம் உடையவர்கள்.

உங்கள் பள்ளியிலும் இதைச் செய்துபார்க்கலாம். 1¾ மீட்டர் துணி, ஒரு பைக்கு ½ மீட்டர், எத்தனை பை? மூன்றரைப் பைக்கான துணி. அந்த 'அரை' என்பது அரை மீட்டரா, அரைப் பையா? இந்தக் கேள்வியில் ஆசிரியர்கள் பத்து நிமிடம் வாதாடினால் பயிற்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மிஞ்சுவது கால் மீட்டர் துணி, அது அரைப் பைக்குப் போதும். மீதியை மீட்டரில் சொல்கிறோமா பையில் சொல்கிறோமா என்பதுதான் பின்ன வகுத்தலின் உயிர். தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதி அதை மூடி மறைத்துவிடுகிறது.

இப்போது மும்பைக்கே உரிய ஒரு விஷயம். உங்கள் ஆசிரியர்கள் போகும் பயிற்சி மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடந்தால், கருத்தாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தமிழ்ப் பிள்ளையின் தப்பு அவர் கையேட்டில் இருக்காது. கணக்கில் பாதித் தப்பு மொழிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

மராத்தியில் 25 என்றால் 'பஞ்ச்வீஸ்', அதாவது ஐந்து முன்னால், இருபது பின்னால். அதனால் அங்கே சின்னப் பிள்ளைகள் 25ஐ 52 என்று எழுதுவது பெரிய தலைவலி. 2019இல் மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'வீஸ் பாச்' என்று நேராகச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தபோது மகாராஷ்டிரா முழுக்கச் சர்ச்சை ஆனது. கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்த கணிதவியலாளர் மங்களா நார்லிகர் அதை நியாயப்படுத்திப் பேசினார். தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. இருபத்தைந்து என்றால் இருபது, ஐந்து, எழுதும் வரிசையும் அதுவே. நம் தொல்லை வேறிடம்: தொண்ணூறு, தொள்ளாயிரம். 90இன் பெயரில் நூறு ஒலிக்கிறது, 900இன் பெயரில் ஆயிரம் ஒலிக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் பிள்ளை திணறுவதும், தொண்ணூற்றெட்டை நூற்றெட்டோடு குழப்புவதும் இதனால்தான். மராத்தி வழிப் பயிற்சியில் இரண்டு மணி நேரம் 25-52 பற்றிக் கேட்டுவிட்டு வரும் தமிழ் ஆசிரியருக்கு 89-90 பற்றி ஒரு வரியும் கிடைத்திருக்காது.

பின்னத்தில் இது இன்னும் கூர்மை. இந்தியில் 'தோ படா தீன்', மராத்தியில் 'தோன் சேத் தீன்'. மேலே இருப்பதை முதலில் சொல்கிறார்கள். நாம் 'மூன்றில் இரண்டு' என்கிறோம். கீழே இருப்பது முதலில் வருகிறது. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை 3/2 என்றுதான் எழுதும். அது புரியாமையின் அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது, காது கேட்டதைக் கை எழுதியது அவ்வளவுதான். இதற்கு மருந்து எளிது: 'மூன்றில்' என்றதும் முதலில் கோடு போட்டு அதன் கீழே 3, பிறகு 'இரண்டு' என்றதும் மேலே 2. கீழிருந்து மேலே எழுதப் பழக்கினால் ஒரு வாரத்தில் சரியாகும்.

அதைவிடப் பொல்லாதது கலைச்சொல். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஆனால் பேச்சுத் தமிழில் பகுதி என்றால் பங்கு. "சமமான மூன்று பகுதியில் இரண்டு பகுதிக்கு வண்ணம் அடி" என்று சொன்ன அதே ஆசிரியர், அடுத்த நிமிடம் "இதில் பகுதி எது?" என்று கேட்டால் வண்ணம் அடித்த இரண்டைக் காட்டும் பிள்ளை என்ன தப்பு செய்தது? படம் வரையும் கட்டத்தில் பங்கு, துண்டு என்று பேசுங்கள். பகுதி என்ற சொல்லைக் குறியீடு எழுதும்போது மட்டும் எடுங்கள். இது எந்தத் தேசியப் பயிற்சிக் கையேட்டிலும் வராது. உங்கள் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்தால் இப்படிப் பத்துப் பன்னிரண்டு கிடைக்கும்.

தசமத்தில் ஒன்று: 0.35ஐ 'பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து' என்று வாசித்தால், 0.4ஐவிட அது பெரியது என்று பிள்ளை சொல்வது இயல்பு. மூன்று, ஐந்து என்று தனித்தனியாக வாசிக்க வேண்டும். ரூபாய்-பைசா உதாரணம் இங்கே உதவுவதுபோல் இருந்து கெடுக்கும். புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம் என்ற பழக்கத்தை அது உண்டாக்குகிறது.

தாராவிப் பிள்ளைகளிடம் கணக்கு இல்லாமல் இல்லை. சவா, டேட், அடாய் என்று ஒன்றே கால், ஒன்றரை, இரண்டரையைத் தெருவிலேயே கற்றுக்கொள்கிறார்கள். மான்கூர்டில், டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் 1974இல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில், வீட்டோடு சிறுதொழில் நடக்கும் மும்பைக் குடியிருப்புகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே பெறும் கணக்கறிவைப் பற்றியே ஆய்வு நடந்திருக்கிறது. இட்லி மாவு எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து. ஆறு கிலோ அரிசிக்கு? மாவு அரைக்கும் வீட்டுப் பிள்ளை "ஒன்றரை" என்று யோசிக்காமல் சொல்லும். அதே பிள்ளை நோட்டில் 4 : 1 = 6 : x என்று வந்தால் குறுக்கே பெருக்குவதா என்று ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். விகிதத்தில் உலகமெங்கும் பிள்ளைகள் செய்யும் தப்பு, பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுவது: அரிசி இரண்டு கூடியது, உளுந்தும் இரண்டு கூட்டு, ஆக மூன்று கிலோ. மாவுக்கடையில் யாரும் இதைச் செய்யமாட்டார்கள், உளுந்து விற்கும் விலைக்கு! பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்ய வேண்டியது அந்த 'ஒன்றரை' எப்படி வந்தது என்று கேட்பது. "நாலுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு அரை, சேர்த்தா ஒன்றரை" என்று பிள்ளை சொல்லும். அதை அப்படியே மூன்று வரி அட்டவணையாகப் பலகையில் போட்டால் விகிதப் பாடம் தொடங்கிவிட்டது. இட்லியைப் பாடத்தின் தலைப்பில் மட்டும் வைத்துவிட்டு இரண்டாவது நிமிடமே குறுக்குப் பெருக்கலுக்குத் தாவுவதும் உண்டு. அது அலங்காரம்.

இனி, பயிற்சி மாணவர் மதிப்பெண்ணில் தெரியுமா என்ற கேள்வி. சான்றுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 1989இல் கார்ப்பென்டர், ஃபெனெமா என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் குழுவினர் 40 முதல் வகுப்பு ஆசிரியர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். புதிய உத்தி எதுவும் சொல்லித்தரவில்லை. கூட்டல், கழித்தல் கணக்கைப் பிள்ளைகள் எப்படியெல்லாம் யோசித்துப் போடுகிறார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள். அந்த ஆசிரியர்கள் வகுப்பில் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்குக் குறைவாகவும் கணக்கைப் பேசித் தீர்ப்பதற்கு அதிகமாகவும் நேரம் செலவிட்டார்கள். பிள்ளைகள் கூட்டல் விடைகளை நினைவில் வைத்திருப்பதில் பின்தங்கவும் இல்லை. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பின்னம், விகிதத்துக்கென்று இரண்டு ஆண்டு தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2011இல் முடிந்தபோது மாணவர் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. சீனாவின் தேசியப் பயிற்சித் திட்டத்தைச் சோதித்து 2019இல் வெளிவந்த ஆய்விலும் அப்படித்தான். ஆகவே "பயிற்சி கொடுத்தோம், மார்க் ஏறும்" என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

நேரக் கணக்கு ஒன்று உதவும். 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தரமான ஒன்பது ஆய்வுகளை மட்டும் தேர்ந்து பார்த்தது. 14 மணி நேரத்துக்கு மேற்படாத பயிற்சிகளில் மாணவர் கற்றலில் பலன் தெரியவில்லை. பலன் தந்தவை கணிசமான மணி நேரம் நீண்டவை. நம் தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு வருடம் 50 மணி நேரம் என்கிறது. எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 50இல் பாதுகாப்பு, ஆளுமை வளர்ச்சி, செயலி பயன்பாடு, மதிப்பீடு எல்லாம் போக, பின்னம் என்ற ஒரே தலைப்புக்கு எவ்வளவு விழுகிறது? பல நேரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. 2019இல் மத்திய அரசு தொடங்கிய நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சி போன்ற பெருந்திட்டத்துக்கு 42 லட்சம் ஆசிரியர்களைத் தொட வேண்டிய கட்டாயம். அதனால் ஓர் அடுக்கு கற்று அடுத்த அடுக்குக்குச் சொல்லித்தரும், அடுக்கடுக்காக இறங்கும் முறை தவிர்க்க முடியாதது. மேலடுக்கில் கருத்தாளர்களே தாளை மடித்து, தப்பாக மடித்து, சண்டை போட்டுக் கற்றது, மூன்றாவது அடுக்குக்கு வரும்போது ஒரு ஸ்லைடாகச் சுருங்கிவிடுகிறது. சண்டைதான் சரக்கு. அது ஸ்லைடில் ஏறாது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் கணிதக் குழு, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம் தலைமையில், குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதை நோக்கமாக வைத்தது. அருமையான அறிக்கை. அதன் கதியும் பல பயிற்சிகளில் இதுதான், முதல் ஸ்லைடில் ஒரு வாசகம்.

பயிற்சி முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். டேவிட் கோஹன் என்ற கல்வி ஆய்வாளர் 1990இல் கலிஃபோர்னியாவில் ஒரு ஆசிரியையின் கணக்கு வகுப்பை ஆராய்ந்து எழுதினார். தன் கற்பித்தல் அடியோடு மாறிவிட்டது என்று அந்த ஆசிரியை மனதார நம்பினார். புதுப் பொருள்கள், புது நடவடிக்கைகள் எல்லாம் இருந்தன. ஆனால் பிள்ளைகள் சொல்லும் விடைக்குக் காரணம் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

பள்ளி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு தலைப்பு. பின்னம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி ஜூன் பாதியில் திறக்கிறது. மழை விடுமுறை, கணபதி விடுமுறை எல்லாம் போக, தீபாவளிக்குள் பதினைந்து நாளுக்கு ஒன்றாக எட்டு அமர்வு கிடைக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மொத்தம் 16. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை கணக்கு எடுக்கும் எல்லோரும் வர வேண்டும். தலைமையாசிரியர் முதல் கால் மணி நேரம் வெளியே இருப்பது நல்லது. அந்த நேரத்தில் ஆசிரியர்களே கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அவர் முன்னால் யாரும் தன் சந்தேகத்தைத் திறந்து காட்டமாட்டார்கள்.

பிறகு ஒரு வகுப்பின் நோட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுங்கள். "2/3, 3/4 இதில் எது பெரியது, ஏன்?" என்ற ஒரே கேள்விக்கு நாற்பது பிள்ளைகள் எழுதியது. திருத்த வேண்டாம், குவியலாகப் பிரியுங்கள். காரணத்தோடு சரி என்று ஒரு குவியல். "4 பெரிசு, 3ம் பெரிசு, அதனால் 3/4" என்று சரியான விடையும் தப்பான காரணமும் ஒரு குவியல். "ரெண்டுலயும் ஒண்ணுதான் குறையுது, அதனால சமம்" என்று ஒரு குவியல். குறுக்கே பெருக்கி 8, 9 என்று எழுதிவிட்டு நிறுத்தியவர்கள் ஒரு குவியல். வழக்கமான திருத்தலில் இரண்டாவது குவியலுக்கு முழு மதிப்பெண் விழுந்திருக்கும், அதை ஆசிரியர்கள் கண்ணால் பார்ப்பதே பாதிப் பயிற்சி. பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் நாளை கேட்க ஒரு கேள்வி எழுதுங்கள். "ஒண்ணுதான் குறையுது" என்பவர்களிடம்: 1/2இலும் ஒன்றுதான் குறைகிறது, 9/10இலும் ஒன்றுதான் குறைகிறது, இரண்டும் சமமா? "எண் பெரிசு" என்பவர்களிடம்: 2/3, 3/6 எது பெரியது? விளக்கத்தைவிட இப்படி ஒரு கேள்வி ஆழமாக வேலை செய்யும்.

தாள் வேலை வேண்டும் என்றால் வட்டத்தை விட்டுவிடுங்கள். சப்பாத்தியை மூன்றாகவும் ஐந்தாகவும் சமமாகப் பிரிப்பது பெரியவர்களுக்கே வராது, 5/4 வந்தால் சப்பாத்திக்கு வெளியே போக வேண்டும். பழைய காலண்டர் தாளில் 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் பட்டை வெட்டுங்கள். 24க்குக் காரணம், அது 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும்: பாதி 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3. இருவருக்கு நாலு பட்டை, நாற்பது பேருக்கு எண்பது. முந்தின நாள் மாலையே வெட்டிவைக்க வேண்டும். வகுப்பில் வெட்ட ஆரம்பித்தால் மணி அடித்துவிடும்.

சிக்கல் மூன்றாக மடிப்பதில் வரும். பாதி, பாதியில் பாதி என்று பழகிய பிள்ளை நாலாக மடித்து, ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு "மூணு துண்டு ஆச்சு" என்று காட்டும். கடிந்துகொள்ளாதீர்கள், பாடத்தின் பொன்னான நிமிடம் அது. கையில் இருக்கும் துண்டு 6 செ.மீ. பக்கத்துப் பெண்ணின் மூன்றில் ஒன்று 8 செ.மீ. "ரெண்டும் மூன்றில் ஒன்றுதானே, ஏன் வேற நீளம்?" முழுமை 24ஆக இருந்தது 18ஆகிவிட்டது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். சரியாக மடிக்க, பட்டையை அழுத்தாமல் இசட் வடிவில் வளைத்து, மூன்று அடுக்கும் ஒரே நீளம் ஆகும்வரை நகர்த்தி, பிறகு அழுத்தச் சொல்லுங்கள். முடியாதவர்கள் 8 செ.மீ.யில் புள்ளி வைத்துக்கொள்ளட்டும். பிறகு 2/3ஐயும் 3/4ஐயும் பக்கம் பக்கமாக வைத்தால் 16, 18. வித்தியாசம் 2 செ.மீ., அது முழுப்பட்டையில் பன்னிரண்டில் ஒன்று. பொது மடங்கு எதற்கு என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கிறது.

முப்பத்தைந்து நிமிட வகுப்பில் மடிப்புக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மடிப்பே வகுப்பை விழுங்கிவிட்டால், மறுநாள் ஆசிரியர் "நேத்து விளையாடினோம், இன்னிக்குப் பாடம்" என்று புத்தகத்தைத் திறப்பார், பட்டைக்கும் குறியீட்டுக்கும் சம்பந்தமில்லாமல் போகும். பலகையின் இடது பக்கம் பட்டைப் படம், கீழே எண்கோடு, வலது பக்கம் குறியீடு, மூன்றும் மணி அடிக்கும்வரை இருக்கட்டும். தப்பு விடையையும் அழிக்காமல் ஓரத்தில் வையுங்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் பலகையை இப்படித்தான் திட்டமிடுகிறார்கள், பாடத்தின் முழுக் கதையும் கடைசியில் பலகையில் நிற்கும்.

அந்தப் பாடத்தை ஒருவர் நடத்தும்போது மற்ற இருவர் பார்க்க வேண்டும். ஆசிரியரை வேண்டாம், பிள்ளைகளை. பலகைப் பக்கம் முதுகு காட்டி, ஆளுக்கு மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் சொன்னதையும் எழுதியதையும் மட்டும் குறிக்க வேண்டும். "குரல் கணீரென்று இருந்தது, பலகை எழுத்து அழகு" என்று பேச ஆரம்பித்தால் பேச்சைத் திருப்புங்கள். தலைமையாசிரியர் இந்தக் குறிப்புகளை ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒருபோதும் எடுக்கக் கூடாது. ஒரு தடவை எடுத்தால் போதும், அடுத்த தடவை எல்லோரும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் காட்டுவார்கள்.

மாறியதா என்று அளக்க, ஜூலையில் ஒரு வகுப்பு, நவம்பரில் ஒரு வகுப்பு போதும். 'ஏன்', 'எப்படி' என்று கேட்ட கேள்விகள் எத்தனை? தப்பு விடைகளில் எத்தனைக்கு இன்னொரு கேள்வி பதிலாக வந்தது? கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தார்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி சின்னதாகத் தோன்றும். வகுப்பில் நின்று காத்துப் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

வெளிப் பயிற்சிகளை நிறுத்த வேண்டாம், தேர்ந்து அனுப்புங்கள். ஒரே ஆளை அனுப்பாதீர்கள், அடுத்தடுத்த வகுப்பு எடுக்கும் இருவரை அனுப்புங்கள். தனியாகப் போனவர் திரும்பி வந்து யாரிடம் பேசுவார்? அனுப்பும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: எந்தப் பாடத் தலைப்பு, ஆசிரியர்களே கணக்குப் போடுவார்களா, பிள்ளைகளின் உண்மையான நோட்டுகள் கொண்டுவரலாமா? அப்புறம் தேதி. செப்டம்பரில் நடத்தி முடித்த பின்னத்துக்குப் பிப்ரவரியில் பயிற்சிக்குப் போனால், அடுத்த செப்டம்பருக்குள் எல்லாம் மறந்திருக்கும். தலைப்பு வகுப்பில் வருவதற்கு இரண்டு வாரம் முந்தி பயிற்சி அமையவில்லை என்றால், அந்தத் தலைப்பைக் கால அட்டவணையில் பயிற்சிக்குப் பின்னால் தள்ளிவையுங்கள். போர்ஷன் முன்பின்னாக மாறும், பரவாயில்லை.